சனிக்கிழமை அப்பா

மெக்கானிக்குக்கு ஓவியத்தைப் பற்றி ஆனா ஆவன்னா கூடத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்ட் ரிப்பேர்தான். அப்படியிருந்தும் அந்தப் பெரிய நகரத்தில் இருந்த மியூசியம், ஆர்ட் கேலரி ஒன்று பாக்கியில்லாமல் அவன் சுற்றியிருந்தான். எல்லாம் மகளால் வந்தது.

விவாகரத்து ஆனபோது மகள் சிட்டு அம்மாவோடு இருக்கட்டும், அப்பா சனிக்கிழமை மதியத்திலிருந்து ஐந்து மணிவரை பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு சொன்னார்கள். எங்கே வைத்துப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவன் குடியிருந்தது கூட வேலை செய்யும் மூன்று பேரோடு ஒரே அறையில். எந்நேரமும் கொடியில் நாலு பேருடைய துணி ஈரமாகத் தொங்கும். அங்கே ஒன்பது வயதுப் பெண்ணை எப்படிக் கூட்டிப் போவது? மாலுக்குப் போனால் அவள் கேட்டதை வாங்கித் தரவும் முடியாது, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது. பூங்காவுக்குப் போன ஒரு நாள் மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்கலாமென்று ஓடி நுழைந்த கட்டடம் மியூசியமாக இருந்தது. உள்ளே குளுகுளுவென்று ஏசி, உட்காரப் பெஞ்சு, சுத்தமான பாத்ரூம், குழந்தைகளுக்கு டிக்கெட்டும் இல்லை. தன்னைப் போன்ற அப்பாக்களுக்காகவே யாரோ புண்ணியவான் கட்டிவைத்த மாதிரி அவனுக்குப் பட்டது. அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் மியூசியம்தான்.

சிட்டு அதற்கு ஒரு விளையாட்டும் கண்டுபிடித்திருந்தாள். திருடனாக இருந்தால் இந்தக் கூடத்திலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு போவாய் என்று இருவரும் சொல்ல வேண்டும். அவன் சட்டைக்குள் ஒளித்துவைக்கிற மாதிரி ஒரு நாணயம், ஒரு மோதிரம் என்று சொல்வான். அவள் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டினாள்.

"அத எப்படிடா தூக்கிட்டுப் போவ?"

"ஒரு பக்கம் நீ புடிக்க மாட்டியா?"

அந்தப் பதிலை ஒரு வாரம் அவன் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அவளைக் கொண்டுவந்து விடுவதும் திரும்ப அழைத்துப் போவதும் அவளுடைய மாமா. மச்சான் இவனோடு முகம் கொடுத்துப் பேசியே வருஷக்கணக்காகிறது. வாசலில் நின்று வாட்ச்சை ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். முன்பு ஒரு தடவை பஸ் நின்றுபோய்த் தாமதமானது. இன்னொரு தடவை சிட்டு பெஞ்சில் தூங்கிவிட்டாள், எழுப்ப மனசு வரவில்லை. இரண்டு தடவையும் மச்சான் வாட்ச்சைக் கூட ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். 

அந்தச் சனிக்கிழமை ஆர்ட் கேலரி. மூன்றாவது மாடியில் சுவர் அகலத்துக்குப் பெரிய பெரிய படங்கள் வைத்திருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் சிட்டு, ஒரு படத்தை மட்டும் இன்னொரு தடவை பார்க்கணும் என்றாள். கடல் மாதிரியும் இருந்தது, வயல் மாதிரியும் இருந்தது. எது என்று முடிவு பண்ணாமல் வரமாட்டேன் என்று நின்றாள். முடிவு பண்ணியபோது நேரம் நெருக்கியடித்தது. கால் வலிக்குதுப்பா என்றும் சொன்னாள். படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அவன்தான் லிஃப்ட் பொத்தானை அமுக்கினான்.

இரண்டாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்து, மூலையில் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் எரிந்தது.

சிட்டு கொஞ்சமும் பயப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "ம், சரி பண்ணு."

கதவுப் பூட்டில் கோளாறாக இருக்கும், பத்தே நிமிஷம் என்றான் அவன். அலாரத்தை அமுக்கினான். இன்டர்காமில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. போனில் டவர் இல்லை. கதவை விரலால் நெம்பிப் பார்த்தான். ஒரு விரற்கடை விலகிற்று, அப்பால் வெறும் சிமெண்டுச் சுவர். ஒரு வேலையும் தெரியாதவன் போல அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீதானப்பா லிஃப்ட் சரி பண்றவன்?"

"ஆமாடா. ஆனா சரி பண்ற சாமான் எல்லாம் வெளிய இருக்கு. சாவி வெளிய, மோட்டார் மேல. உள்ள இருக்கறவன் கையில ஒண்ணும் கிடையாது."

 சிட்டு, மாமாவும் அம்மாவும் பேசிக்கொண்டதைச் சொன்னாள். இன்னொரு தடவை லேட் பண்ணினால் கோர்ட்டில் சொல்லி நிறுத்திவிடலாம் என்று மாமா சொன்னாராம். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்க அவனுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கதவைப் படபடவென்று தட்டத் தொடங்கினான்.

வெகுநேரம் தட்டியபிறகு மேலிருந்து காவலாளியின் குரல் கேட்டது. கம்பெனிக்குச் சொல்லியாச்சு, ஆள் வந்துகொண்டிருக்கிறது, பதறாதீங்க என்றது. மோட்டார் அறையைத் திறந்தால் என்ன செய்வதென்று தானே சொல்வதாக இவன் கத்தினான். அதன் சாவி கம்பெனி ஆளிடம்தான் என்றது குரல். அப்படியானால் வாசலில் ஒருத்தர் நிற்பார், அவரிடமாவது விஷயத்தைச் சொல்லுங்கள் என்று மச்சானின் அடையாளம் சொன்னான். காவலாளி போனான், வந்தான்.

"சொன்னேன் சார். அவரு சிரிக்கிறாரு."

அந்தச் சிரிப்பு எதற்கென்று மெக்கானிக்குக்குத் தெரியும். குடும்பம் நடத்திய காலத்தில் அவன் வீட்டுக்கு நேரத்தோடு வந்த நாள் குறைவு. பெண்டாட்டியின் பிறந்தநாளா, சிட்டுவுக்குக் காய்ச்சலா, எந்த நாளானாலும் எங்கோ ஒரு லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அது நிஜம். நண்பர்களோடு உட்கார்ந்துவிட்ட சில நாட்களிலும் அதையே சொல்லியிருந்தான். பிற்பாடு அந்த வீட்டில் யார் பொய் சொன்னாலும், லிஃப்ட் விடாதே என்பார்கள். மச்சான் கண்டுபிடித்த சொல் அது.

உள்ளே புழுக்கம் ஏறிற்று. சிட்டு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றினாள். அவனுக்குப் புரிந்தது. கேலரியில் வாங்கிக் கொடுத்த ஜூஸ் வேறு.

"அவசரமாடா?"

தலையை மட்டும் ஆட்டினாள். இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்க என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். மேலே பார்த்துக் கத்தினான். கதை சொல்லிப் பார்த்தான், பாட்டுப் பாடிப் பார்த்தான்.  ஒரு கட்டத்தில் அவள், "அப்பா, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றாள். திரும்பிக்கொண்டான். அழுகைச் சத்தம் கேட்டபோதுதான் பார்த்தான். கவுனும் செருப்பும் நனைந்திருந்தன.

தன் சட்டையைக் கழற்றித் தரையையும் அவள் காலையும் துடைக்கப் போனவன், அதை அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினான். தரையைக் கைக்குட்டையால் துடைத்தான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மாமாகிட்ட சொல்லவே கூடாது."

"சொல்ல மாட்டேன்டா."

"சத்தியமா?"

"சத்தியமா."

கம்பெனி ஆள் வந்து லிஃப்டை மெல்ல இறக்கிக் கதவைத் திறந்தபோது கேலரியை மூடியிருந்தார்கள். கோளாறு கதவுப் பூட்டில் இல்லை, மேலே ஏதோ ஒரு ரிலே சுவிட்ச் எரிந்துபோயிருந்தது. அவன் சொன்னது அதிலும் தப்பு. விளக்கணைத்த கூடங்களின் வழியாக, பனியனோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வாசலுக்கு நடந்தான்.

மச்சானோடு சிட்டுவின் அம்மாவும் நின்றிருந்தாள். ஆபீசிலிருந்து நேராக வந்திருக்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. மச்சான் இவனை மேலும் கீழும் பார்த்தார். வருஷங்களுக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"சட்டை எங்க?"

இடுப்பில் கட்டியிருப்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மெக்கானிக் மகளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "தண்ணி பாட்டில் கொட்டிடுச்சு" என்றான். அவர்களிடம் தண்ணீர் பாட்டிலே இருந்ததில்லை. லிஃப்ட் நின்றது நிஜம்தான் என்று காவலாளி எடுத்துச் சொல்ல வந்தான். எவ்வளவு கொடுத்தான் உனக்கு என்று மச்சான் அவன் வாயை அடைத்துவிட்டார்.

சிட்டுவின் அம்மா குனிந்து மகளை அணைத்தாள். ஈரத்தைத் தொட்டதும் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அண்ணனுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் துப்பட்டாவை எடுத்து மகளுக்குச் சுற்றினாள். சட்டையை மடித்து இவனிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோங்க."

"இந்தத் தடவ நெஜமாவே லிஃப்ட்."

"தெரியுது. என்னால இதுக்கு மேல முடியல."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இவனும் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பான். ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கார் திரும்புகிறவரை நின்றான்.

அடுத்த மாதமே உத்தரவு மாறியது. இனி வெளியே எங்கும் அழைத்துப் போகக் கூடாது, குடும்ப நீதிமன்றத்தில் குழந்தைகளுக்கென்று இருக்கும் அறையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கவுன் நனைந்ததைக் கோர்ட்டில் சொல்லியிருந்தால் லிஃப்ட் நின்றது ஒருவேளை எடுபட்டிருக்கலாம் என்று, சிட்டுவின் அம்மா மூலம் விஷயம் தெரிந்துகொண்ட அவனுடைய வக்கீல் சொன்னார். எந்தக் கவுன் என்று மெக்கானிக் கேட்டான்.

அந்த அறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பழைய மேஜை. மூலையில் ஓர் அம்மாள் உட்கார்ந்து, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் வேறொரு அப்பா தன் கைக்குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சிட்டுவும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சாப்பிட்டியா என்றான். ம் என்றாள். ஸ்கூல் எப்படி என்றான். அதற்கும் ம்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை சனிக்கிழமைகளில் ஒரு நாளும் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று, எதிரே இருக்கும் எதையாவது பார்த்துக்கொண்டேதான் பேசியிருக்கிறார்கள். மகளின் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"இங்க பாக்க ஒண்ணுமே இல்லப்பா" என்றாள் சிட்டு, மெதுவாக.

அவன் சுவர்களைச் சுற்றிப் பார்த்தான். ஒரு ஆணி கூட இல்லை. அடுத்த வாரம் ஏதாவது கொண்டுவருகிறேன் என்றான். வெளியிலிருந்து எந்தப் பொருளும் கொண்டுவரக் கூடாதுங்க என்று மூலையிலிருந்த அம்மாள் தணிவாகச் சொன்னார். அவன் சரிங்க என்றான்.