அவசரம் லேது

நான் பயந்தாங்கொள்ளி. முப்பது வருடமாகப் பாதிரியாராக இருப்பவன் இதைப் பிரசங்கத்தில் சொல்ல முடியாது, அதனால் இங்கே சொல்கிறேன். ஜார்க்கண்டில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். ஒருநாள் காட்டுப்பாதையில் நாலு பேர் என் ஜீப்பை மறித்து, எத்தனை பேரை மதம் மாற்றினாய் என்று கேட்டுச் சாயங்காலம்வரை வெயிலில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் பயம் அன்றோடு தீர்ந்திருக்கும். பிறகு ஜெர்மனியில் ஆறு வருடம். அங்கே யாரும் மறிக்கவில்லை, கோயிலுக்கும் யாரும் வரவில்லை. பயம் மட்டும் என்னோடு விமானம் ஏறி ரேணிகுண்டாவில் வந்து இறங்கியது.

சித்தூரில் மூன்று மாதம் தெலுங்கு படிக்க வைத்துத் திருப்பதிப் பக்கம் ஒரு பங்குக் கோயிலில் போட்டார்கள். எழுத்துக் கூட்டிப் பூசை வைப்பேன். பேச்சு அரைகுறை.

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் வடமாலபேட்டையிலிருந்து ரூபா போன் செய்தாள். வேலூர்ப் பக்கத்து வேதக்காரப் பெண். இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இவளுக்கும் புற்றுநோய் முற்றிவிட்டது.

"ரெண்டு நாளா எதுவும் துன்னல ஃபாதர். வந்து எண்ணெ பூசிட்டுப் போங்க. இனிமே தாங்காது."

சாகக் கிடப்பவர்களுக்கு நாங்கள் பூசும் அர்ச்சித்த எண்ணெயைத்தான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் யாரோ போனைப் பிடுங்கினார்கள். "அவசரம் லேது" என்றது ஓர் ஆண் குரல். வைத்தாயிற்று.

லேது என்றால் இல்லை. அந்த மட்டும் எனக்குத் தெரியும். அவசரமில்லை, நிதானமாக வரச் சொல்கிறார்கள் என்று நிம்மதியாக நாலு இட்லி சாப்பிட்டேன். மத்தியானம் கண்ணயர்ந்தேன். நாலு மணிக்கு எண்ணெய்ச் சிமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினேன்.

ரூபா வீட்டு வாசலில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவில் இருந்தவர் ரூபாவின் மைத்துனர் வேங்கடேஷ். காலையில் கேட்ட அதே குரல். நான் வண்டியை அணைப்பதற்குள் அவரே பேசினார்.

"அவசரம் லேதுன்னு சொன்னேன் கதா? எதுக்கு வந்தீங்க?"

"அவசரம் இல்லன்னு சொன்னீங்க. அதான் சாப்பிட்டு, தூங்கி, மெதுவா வரேன்."

ஒருவன் சிரித்தே விட்டான். "அரவ ஃபாதர்ரா, தமிழ்க்காரரு. அவசரம்னா எங்க தெலுங்குல தேவை சாமி. நீங்க தேவையில்லன்னு சொல்லிக்கினு இருக்காரு."

சிரித்தவனே போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தான். இது எந்த ஊருக்கு, யார் யாருக்குப் போகும், கீழே என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வண்டிச் சாவியைத் தொட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஃபாதர் வந்துட்டாரா?"

வேங்கடேஷ் தரையைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம். பாட்டு கீட்டு எதுவும் கூடாது."

போன் என் தோளுக்குப் பின்னாலேயே வந்தது. ரூபாவின் நெற்றியில் சிலுவை போடும்போது விரல் உதறி எண்ணெய் அவள் புருவத்தில் வழிந்தது. செபத்தில் ஒரு வரியை முழுங்கிவிட்டேன். அவள் எலும்பாகிப்போன கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க ஃபாதர். நான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். அடக்கத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அந்த வீடியோ இதுவரை எங்கும் வரவில்லை. போன் சிணுங்கும்போதெல்லாம் வந்துவிட்டதோ என்று பயந்து எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அந்த வார்த்தைக்கு அன்றே அர்த்தம் தெரிந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன். வேண்டாம் என்றார்களே என்று நன்றாகத் தூங்கியிருப்பேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே செத்திருப்பாள்.

இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டது. அடுத்தமுறை யாராவது அவசரம் லேது என்றால், நான் தெரிந்தேதான் போகவேண்டும்.