ரவுண்டு ஆஃப் ஆன தோடி

2002 மார்ச்சில், வெங்காயம் மலிவாகக் கிடைத்த ஒரு வாரத்தில், ஜனக்புரி அம்சவேணியின் குரலிலிருந்த கமகமெல்லாம், அதாவது சுரத்தை வளைத்து அசைக்கிற குழைவெல்லாம், கழன்று அவள் கணவர் ஜோதிலிங்கத்தின் தொண்டைக்குப் போய்விட்டது. இதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. நாங்கள் சங்கீத சபாக்காரர்கள். தொடையில் தாளம் தட்டுவோம், கமகத்துக்கும் தும்மலுக்கும் வித்தியாசம் கேட்டால் கேன்டீன் பக்கம் நழுவிவிடுவோம். எல்லாம் மகள் கவிப்ரியாவுக்காக நடந்தது. டெல்லியில் பிறந்த பெண், கிதார் வாசிப்பாள், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஜூனில் கல்யாணமாகிப் புனே போகும்போது அம்மாவின் தோடி ராகப் பாட்டையும் கிதாரில் கொண்டுபோக ஆசைப்பட்டாள். அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருந்தது; திரையில் ஆறு தந்திக்கு ஆறு கோடு வரும். எந்தத் தந்தியில் எந்த இடம் என்று எண்ணைத் தட்டினால் அதுவே வாசித்துக் காட்டும். அம்சவேணி பாடப் பாட ஜோதிலிங்கம் தட்டினார். தோடியின் காந்தார சுரமோ இரண்டு எண்ணுக்கு நடுவே ஆடிக்கொண்டே இருந்தது. மனிதர் காலமெல்லாம் சர்க்கார் ஆபீஸில் சம்பள பில் போடுகிறவர். பாதிக்கு மேலென்றால் அடுத்த முழு எண், குறைந்தால் தள்ளுபடி. சுரத்தையும் அப்படியே ரவுண்டு ஆஃப் செய்துவிட்டார்.

"என்னங்க, தொண்டையில யாரோ இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு" என்றாள் அம்சவேணி. "ஒண்ணுமில்லடீ" என்று அவர் சொன்ன பதில் வளைந்து நெளிந்து வந்தது. அழித்துப் பார்த்தார்கள், மறுபடி தட்டிப் பார்த்தார்கள், போனது போனதுதான். மகளின் நலங்கில் பாடவென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த பாட்டு! அம்சவேணி அழுதாள், அழுகைகூட நேர்கோடாக வந்தது. நாங்கள் ஆறுதல் சொல்லப் போய், "இப்பத்தான் அக்கா சுருதி சுத்தமா இருக்கு" என்று பாராட்டிவிட்டு, காபியும் குடித்துவிட்டு வந்தோம். ஆபீஸில் ஜோதிலிங்கம் "எஸ் சார்" என்றால் மேலதிகாரி கண்ணை மூடித் தலையாட்டினார்.

நலங்கன்று அம்சவேணி அறையை விட்டு வெளியே வரவில்லை. மணப்பெண்ணே எழுந்து போய் அம்மாவை இழுத்து வந்து அப்பா பக்கத்தில் உட்காரவைத்தாள். "அம்மா, நீ பாடு. அப்பா, நீங்க கூடவே 'ம்' கொட்டுங்க. ஜல்தி!" அம்சவேணி நேராகப் பாடினாள், காந்தாரம் வரும்போதெல்லாம் அவர் அவள் பக்கம் சாய்ந்து முனகினார். தோடி முழுசாக வந்து இறங்கியது. அது தோடி என்று எங்களுக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் புனேயிலிருந்து போன் வரும். எவ்வளவு சண்டையானாலும் இருவரும் ஒரே ரிசீவரில் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு பாடுவார்கள்; கல்யாணமான புதுசில்கூட அவ்வளவு நெருங்கி உட்கார்ந்தவர்கள் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் லைன் பிஸியாக இருந்தால் எங்களில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.