தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு கண்டனம்

ஹெட்மாஸ்டர் எட்மண்டுக்குக் கேள்வி என்றால் உயிர். ஆனால் கேள்வியை அவரே எழுதுவார், பதிலையும் அவரே எழுதுவார், எந்தப் பிள்ளை எதைக் கேட்க வேண்டும் என்று நம்பர் போட்டு லிஸ்டும் தயார் செய்துவிடுவார். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரி, பாதிரியார் வந்தாலும் சரி, ஏழாம் நம்பர் கேள்வியை ஏழாம் நம்பர் பிள்ளைதான் எழுந்து கேட்கும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, "மாணவர்களைச் சுயமாகச் சிந்திக்க வையுங்கள், உலகப் பிரச்சினைகளைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழக்குங்கள்" என்று மேலிடத்திலிருந்து சர்க்குலர் வந்தால் எப்படி இருக்கும்! வந்தே விட்டது. 1963 அக்டோபர், ஐக்கிய நாடுகள் தினத்துக்குப் பத்து நாள் முன்னால்.

"மிஸ், பிள்ளைங்க நல்லா யோசிக்கணும். இன்னா யோசிக்கணும்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்றார் ஜூடித்திடம்.

எட்டாம் வகுப்புக்குச் சரித்திரமும் பூகோளமும் எடுப்பவள் ஜூடித். வந்த சிரிப்பை முழுங்கிக்கொண்டு தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? ஆறு வருஷமாகத் தற்காலிக டீச்சர். ஒவ்வொரு ஜூனிலும் "இந்த வருஷம் மட்டும்" என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். பள்ளிக் கமிட்டித் தலைவர் சௌந்தரராஜன், சுரங்கத்தில் பெரிய அதிகாரி, இந்தத் தடவை அவளை நிரந்தரமாக்கும் ஆர்டரில் ஐக்கிய நாடுகள் தின விழா மேடையிலேயே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் அப்பா இருமிக்கொண்டே கிடந்தார், முப்பது வருஷம் பூமிக்கடியில் கல்தூசி தின்ற மனுஷன். அந்த வீட்டுக்கு இனி ஜூடித்தின் வேலைதான் சோறு.

தலைப்பையும் எட்மண்டே எடுத்தார்: தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் கறுப்பு மக்கள் படும் பாடு. "நம்ம பிள்ளைங்களுக்குப் பொருத்தமா இருக்கும் மிஸ். டெல்லியே அந்த ஊரு வெள்ளைக்கார கவர்மெண்ட்டைக் கண்டிக்குது. திட்டறதுக்கும் தூரத்து ஊரு, யாரும் கோச்சுக்க மாட்டாங்க."

விழாவில் வாசிக்கும் கட்டுரையை எழுதும் வேலை எட்டாம் வகுப்பு வின்னியிடம் வந்தது. அண்டர்கிரவுண்ட் வேலைக்குப் போகும் ஏனோக்கின் மகள், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஜூடித் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி இருப்பவள், பேச்சில் சூட்டிகை. மூன்றாம் நாள் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். ஜூடித் சிவப்பு மையில் ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, கீழே "மிக நன்று" என்று போட்டாள். இவ்வளவு விஷயம் இந்தப் பெண்ணுக்கு எங்கே கிடைத்தது, ஏதாவது பேப்பரில் வந்திருக்கும் என்று நினைத்ததோடு சரி. ஆறு வருஷம் பிள்ளைகளுக்கு உலகப் படத்தைக் காட்டிய டீச்சரம்மாவின் லட்சணம் அது.

விழா நாளில் உலகமே மேடையில் வந்து நின்றது. கொண்டையில் இரண்டு ஸ்வெட்டர் ஊசி செருகிய ஜப்பான். மங்கி குல்லா போட்ட ரஷ்யா. ஆப்பிரிக்காவாக நின்ற பையனுக்கு எட்மண்ட் தன் கையாலேயே அடுப்புக்கரி பூசினார். பூசியவர் அந்தப் பையனைவிட ஒரு பிடி கறுப்பு என்பது வேறு விஷயம். லிஸ்டில் இருந்த பன்னிரண்டு கேள்விகளும் வரிசை தப்பாமல் கேட்கப்பட்டன. சௌந்தரராஜன் பன்னிரண்டு தடவையும் "பலே" என்றார்.

பிறகு வின்னி வாசித்தாள்.

"தென்னாப்பிரிக்காவில் தங்கம் எடுப்பவர்கள் வரிசை வரிசையான தட்டி வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் எட்டுப் பேர் படுப்பார்கள், பெருச்சாளிகளும் படுக்கும். வேலை முடிந்து மேலே வந்ததும், தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று துணியை உதறச் சொல்வார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள். தலைமுடிக்குள் விரலை விட்டுத் தேடுவார்கள். அப்பா வயதுக்காரரையும் அப்படித்தான். துரைமார் கிளப்புக்குள் அவர்கள் போகலாம், தட்டுத் தூக்குவதற்கு. பூமி அதிர்ந்தால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்க வாயான ஷாப்டுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை யாரும் பேசமாட்டார்கள். யார் வீட்டுக்காரர் வரவில்லை என்று அப்புறம்தான் தெரியும்."

ஹாலில் பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். சௌந்தரராஜனுக்கே கண் கலங்கிவிட்டது. "அக்கிரமம்! மனுஷனை மனுஷன் இப்படி நடத்தறதா!" என்று மேஜையைத் தட்டினார். எட்மண்ட் தயாராக வைத்திருந்த கண்டனத் தீர்மானத்தை நீட்ட, ஒரே வீச்சில் கையெழுத்துப் போட்டார். அதற்கு அடியிலேயே ஜூடித்தின் ஆர்டர் இருந்தது. அதை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பேனா காகிதத்தைத் தொடப் போனது.

நல்ல மனசில் இருந்தவர், சும்மா இருக்கக் கூடாதா? தலையை நிமிர்த்தி, "பாப்பா, அருமையா எழுதியிருக்கே. எந்தப் புஸ்தகம் படிச்சே?" என்றார்.

லிஸ்டில் இல்லாத கேள்வி. எட்மண்டுக்கு வியர்த்தது.

"ஆப்பிரிக்கா புஸ்தகம் லைப்ரரில இல்ல சார்" என்றாள் வின்னி. "எங்கப்பாகிட்ட கேட்டேன். அவரு எங்க லைன்ல நடக்கறதைச் சொன்னாரு. தங்கம் எடுக்கற எடம்னா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன். ஊரு பேரை மட்டும் மாத்தினேன் சார்."

அட தேவனே! கரி பூசிய ஆப்பிரிக்கா மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தது.

ஜூடித்துக்கு உச்சந்தலையிலிருந்து கால்வரை சுட்டது. எட்மண்டையும் சௌந்தரராஜனையும் பார்த்து அல்ல, தன்னைப் பார்த்துத்தான். பூமி அதிர்ந்த ஒரு நாள் அவள் அம்மாவும் அடுப்பை விட்டுவிட்டுத்தானே ஓடினாள்? அந்த வாக்கியத்தில் ஒற்று இல்லை என்று சிவப்பு மையில் சுழித்தவள் இவள். தூ, நீயும் ஒரு வாத்திச்சி!

"பொய்ங்க சார், கொழந்தை கற்பனை!" என்று எட்மண்ட் பதறினார். "மிஸ்தான் திருத்தினாங்க. சொல்லுங்க மிஸ், இது பொய்தானே?"

சௌந்தரராஜன் முகம் இறுகியிருந்தது. ஆனால் அவர் பேனாவை மூடவில்லை. ஆர்டரை விரலால் தட்டினார். "சொல்லும்மா. இந்தப் பொண்ணு நம்ம ஊரைப் பத்தி எழுதினது தப்புன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

ஒரே ஒரு வார்த்தை. "தப்பு" என்றால் ஜூன் மாதக் காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அப்பாவுக்கு மருந்து கிடைக்கும். ஜூடித் வின்னியைப் பார்த்தாள். மக்குப்பெண் பயப்படக்கூட இல்லை. மிஸ் திருத்திய கட்டுரைக்கு என்ன வரப்போகிறது என்ற தைரியத்தில் நின்றது.

"ஆமா சார், தப்பு இருக்குது" என்றாள் ஜூடித். "நான் சரியாத் திருத்தல."

எட்மண்ட் மூச்சு விட்டார்.

"தென்னாப்பிரிக்கான்ற வார்த்தையை அடிச்சிருக்கணும். மீதியெல்லாம் சரியாத்தான் கீது. எங்கப்பா தலையிலயும் விரலை வுட்டுத் தேடியிருக்காங்க சார், முப்பது வருஷம்."

சௌந்தரராஜன் பேனாவை மூடினார். ஆர்டரை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல் இறங்கிப் போனார். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த ஆர்டர் இனி வராது என்று ஜூடித்துக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் கழுத்தை நிமிர்த்தித்தான் நின்றாள்.

எட்மண்ட் கண்டனத் தீர்மானத்தை எடுத்தார். சுரங்க அதிகாரியின் கையெழுத்து அதில் ஈரம் காயாமல் இருந்தது. இரண்டாகக் கிழித்தார். நாலாக்கப் போனார்.

வின்னி கையைத் தூக்கினாள்.

"சார், அவுங்களுக்கு நடந்தா கண்டிக்கலாம், எங்களுக்கு நடந்தா கிழிச்சிடணுமா சார்?"

எட்மண்ட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேஜைமேல் கிடந்த லிஸ்டை எடுத்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை விரல் வைத்துத் தேடினார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ், இது எத்தனாவது கேள்வி?" என்றார்.