கயிற்றைத் தாண்டி வாங்க

கம்பெனியில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ரேடியோ என்று வைத்தவர் பஸ் டிரைவர். "திருகினா நிக்கிற ரேடியோ பார்த்திருக்கேன். இது திருகி நிறுத்தினாலும் அடுத்த வளைவுல தானா ஆரம்பிச்சிடுது" என்பார்.

பழைய வணிகப் பாதை நகரங்களைச் சுற்றிக் காட்டும் கம்பெனி அது. முதலில் கோட்டை நகரம், அடுத்து சந்தை நகரம், கடைசியில் ஆற்றுத்துறை நகரம். ஒரு காலத்தில் பொதி சுமந்த மிருகங்களும் வியாபாரிகளும் மாதக்கணக்கில் நடந்து கடந்த பாதையை ஏ.சி. பஸ்ஸில் கால் நீட்டிக்கொண்டு கடந்துவிடலாம். வெறும் இடிபாடுகளைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறவர்களைக்கூட ரேடியோ வாய் பிளக்க வைத்துவிடுவார். குட்டிச்சுவர் ஒன்றைக் காட்டி அவர் பேச ஆரம்பித்தால் அதன்மேல் கூரை எழும்பும், கீழே கடை விரியும், விலை பேசும் சத்தம் கேட்கும்.

அதெல்லாம் போன வருஷக் கதை. இந்த வருஷம் ரேடியோ பேசுவதில்லை. கையில் ஒரு மஞ்சள் கொடி. கூட்டம் வழி தவறாமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். அவ்வளவுதான் வேலை.

வினை வந்தது ஒரு பாராட்டு வழியாக. "உங்களை மாதிரிப் பேச ஆளே இல்ல சார். புதுசா சேர்ற பசங்க கேட்டுக் கத்துக்கணும். ஒரு தடவ முழுசாப் பதிவு பண்ணி வெச்சுக்கலாம்" என்றார் மேனேஜர். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து ரேடியோ மூன்று நகரங்களையும் தொண்டை வறளப் பேசினார். எங்கே திரும்ப வேண்டும், எங்கே குனிய வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் எல்லாம் சேர்த்து.

"என் குரலைப் பொக்கிஷமா வெச்சுக்கப் போறாங்களாம்" என்று வீட்டில் போய்ச் சொன்னார்.

அவர் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இங்க சும்மாவே கெடைக்குது. தள்ளிவிட ஆள் தேடிட்டிருந்தேன்" என்றாள்.

அடுத்த மாதம் பெட்டி பெட்டியாக ஹெட்போன்கள் வந்து இறங்கின. காதை முழுக்க மூடும் பெரிய ரகம். பயணிகள் மாட்டிக்கொண்டு நடந்தால் போதும். இடம் வந்ததும் குரல் தானாகப் பேசும். ரேடியோவின் குரல்.

கொடிக்காரர் பேசக் கூடாது என்று ஒரு சட்டமும் வந்தது. "ரெண்டு குரல் கேட்டா கெஸ்ட் குழம்பிடுவாங்க சார்."

"ரெண்டுமே என் குரல்தானே?"

"அதான் சார் குழப்பமே."

வேலையை விட்டுவிடலாம் என்று ரேடியோ நினைத்தபோது மேனேஜர் ஒரு மிட்டாயை நீட்டினார். அடுத்த சீசனில் ஒரு தனி டூர் வரப் போகிறது. மெஷின் கிடையாது, சின்னக் கூட்டம், மனுஷர் வாயால் கதை கேட்க ஆசைப்படுகிறவர்கள். "இந்த சீசனை ஒரு புகார் இல்லாம முடிச்சுக் குடுங்க. அந்த டூர் உங்களுக்குத்தான். ஒரே ஒரு புகார் வந்தாலும் முதலாளிகிட்ட நான் வாயைத் திறக்க முடியாது."

ரேடியோ தன் வாயை மூடிக்கொண்டார். சீசன் முழுக்கப் புகார் இல்லை. குப்பை பொறுக்கினார், குடை பிடித்தார், கைப்பை சுமந்தார். பாட்டில் மூடியைத் திறக்க முடியாதவர்களுக்குத் திறந்து கொடுத்தார். தனி டூரில் சொல்வதற்கென்று புதுக் கதைகளைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டார். "உள்ள யாரு கூட இருக்காங்க?" என்று மனைவி கதவைத் தட்டுவாள்.

சீசனின் கடைசி டூர் அன்று பஸ் கோட்டை நகரத்து வாசலில் நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, "இன்னிக்கு ஒரு நாள் பல்லைக் கடிங்கண்ணே. அப்புறம் நீங்க பேசுங்க, நான் காதைப் பொத்திக்கறேன்" என்றார்.

வாசலில் கூட்டம் நின்று அண்ணாந்து பார்த்தது. ரேடியோவுக்கு எதுவும் கேட்கவில்லை; ஆனால் இந்நேரம் குரல் எந்த இடத்துக்கு வந்திருக்கும் என்று தெரியும். 'பொழுது சாஞ்சா இந்தக் கதவைச் சாத்திடுவாங்க. அப்புறம் ராஜாவோட மச்சானே வந்தாலும் திறக்காது. லேட்டா வந்தவன் வெளியிலதான் படுக்கணும். எங்க வீட்லயும் இதே சட்டம்தாங்க.' கூட்டம் ஒரே நேரத்தில் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூட கொடி பிடித்த ஆளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தான் சொன்ன ஜோக்குக்குத் தன் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சீசன் முழுக்கக் கேட்டும் அது பழகவில்லை.

கூட்டத்தில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் இருந்தார். கணவர் கழுத்தில் கேமராவோடு கூடவே வந்தார். குரல் என்ன சொல்கிறதோ அதை அந்த அம்மாள் அட்சரம் பிசகாமல் செய்தார். குனி என்றால் குனிந்தார், தொடு என்றால் தொட்டார். பத்தடி பின்தங்கிய கணவரை, "சொல்றதைக் கவனிங்க. எப்பவும் கடைசி பெஞ்ச்" என்று அதட்டினார்.

சந்தை நகரத்தில் ஒரு வியாபாரிகள் சத்திரம் உண்டு. பெரிய கும்மட்டக் கூரை போட்ட கூடம். அதன் ஒரு மூலையில் சுவரோடு வாயை வைத்து முணுமுணுத்தால் எதிர் மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். அந்தக் காலத்தில் மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் விலை பேசிக்கொண்டது இப்படித்தான் என்பது ரேடியோவின் கதை. டூரிலேயே உச்சக்கட்டம் அதுதான்.

இந்த வருஷ மழையில் அந்த மூலைக்கு மேலே கும்மட்டத்தில் ஒரு விரிசல் விழுந்தது. முதலில் முடி மாதிரி இருந்தது. பிறகு கத்தியைச் செருகலாம் போல அகன்றது. ரேடியோ மேனேஜரிடம் ஓடினார். மறுநாளே அங்கே குறுக்காக ஒரு சிவப்புக் கயிறு கட்டினார்கள்.

அங்கேதான் சிக்கல். முன்பு அதே இடத்தில் ஆடுகள் நுழையாமல் இருக்க ஒரு கயிறு கட்டியிருந்தது. பயணிகள் தயங்கி நிற்பார்கள் என்று, பதிவு செய்தபோது ரேடியோ அதற்கும் ஒரு வரி சேர்த்திருந்தார். 'கயிறு கட்டியிருக்கேன்னு நிக்காதீங்க. அது ஆட்டுக்கு. நீங்க தாண்டி வாங்க.'

"அந்த வரியை எடுத்துடுங்க" என்று கெஞ்சினார்.

"பதிவுல கை வைக்கறது லேசுப்பட்ட காரியமில்ல சார். சீசன் முடியட்டும். கயிறுதான் சிவப்பா இருக்கே? படிச்சவங்க, புரிஞ்சுக்குவாங்க" என்றார் மேனேஜர்.

அதிலிருந்து ஒவ்வொரு டூரிலும் கூடத்துக்குள் முதலில் ஓடிப் போய், கயிற்றுக்கு முன்னால் கொடியைக் குறுக்கே பிடித்து நிற்பதை ரேடியோ வழக்கமாக்கிக்கொண்டார். பேசத்தானே கூடாது, நிற்கலாமே. தன் குரல் தாண்டச் சொல்லும், தன் உடம்பு தடுக்கும். சிலர் முறைத்தார்கள். எதிர்ப்பக்கத்து மூலைக்குக் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்.

கடைசி டூரிலும் அப்படித்தான் நின்றார். அப்போது ஒரு பெரியவருடைய ஹெட்போன் தலைமுடியில் சிக்கிக்கொண்டு, அவர் ஆவென்று கத்தினார். புகார் என்ற ஒரே வார்த்தை ரேடியோவின் மண்டையில் மணி அடித்தது. ஓடிப் போய்ச் சிக்கெடுத்தார். திரும்பிப் பார்த்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா! அங்க போகாதீங்க!"

அம்மாளுக்குக் கேட்கவில்லை. அவர் காதுக்குள் அதே குரல் வேறு சேதி சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டடி முன்னால வாங்க, சுவத்துல காதை வைங்க, வெக்கப்படாதீங்க.

"அம்மா! மேல பாருங்க! அம்மா!"

கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் ரேடியோதான் பேசிக்கொண்டிருந்தார். கூடத்துக்குள் கத்திக்கொண்டிருந்த ரேடியோவை ஒருவரும் கேட்கவில்லை. அம்மாள் சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடினார். நேர் மேலே விரிசல். அதிலிருந்து மாவு மாதிரி ஏதோ உதிர்ந்து வெளிச்சத்தில் மிதந்தது போல ரேடியோவுக்குத் தோன்றியது.

கொடியை வீசிவிட்டுப் பாய்ந்தார். கயிற்றைத் தாண்டி, அம்மாளின் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. இருவரும் கல்தரையில் விழுந்தார்கள். அம்மாளின் மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டு மடங்கியது. ஹெட்போன் தெறித்து ஓடி, தரையில் கிடந்தபடி விடாமல் பேசியது.

கணவர் கேமரா ஆட ஓடி வந்தார். "யோவ், என்ன காரியம்யா பண்ற? பொம்பளை கையைப் பிடிச்சு இழுக்கற?"

"மேல பாருங்க சார். விரிசல். விழுந்துடும்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கும்மட்டம் அசையாமல் இருந்தது. ஒரு புறா குனுகியது. அந்த நிமிஷம் ரேடியோ மனதார வேண்டிக்கொண்டார், ஒரு கல் வேண்டாம், ஒரு பிடி காரையாவது விழட்டும் என்று. கும்மட்டம் கல் நெஞ்சோடு நின்றது.

"விழலையே?" என்றார் கணவர்.

"விழலைங்க."

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த அம்மாள் ஹெட்போனைச் சுட்டிக் காட்டினார். "அவர் வரச் சொன்னார், நான் போனேன். நீங்க யாரு என்னை இழுக்க?"

"அந்த அவர் நான்தாங்கம்மா."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வகுப்பில் பொய் சொல்லி மாட்டியவனைப் பார்க்கும் பார்வை. "அப்போ நீங்களே வான்னு கூப்பிட்டு நீங்களே இழுத்துக் கீழ தள்ளினீங்களா?"

ரேடியோ குனிந்து, இன்னும் பேசிக்கொண்டிருந்த ஹெட்போனைக் கையில் எடுத்தார்.

டிரைவர் பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். எலும்பு லேசாக விண்டிருந்தது. கணவர் கட்டுப் போடுவதற்குள் புகாரைப் போட்டுவிட்டார்.

ஆபீஸில் மேனேஜர் ரொம்ப மரியாதையாக உட்காரச் சொன்னார். அவர் மரியாதை கூடக் கூட ரேடியோ நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. எனக்குத் தெரியும் சார்."

"தெரியுமில்ல? முதலாளிகிட்ட அதைச் சொல்லுங்க."

"சொன்னேன் சார். ஆனா விரிசலைப் பத்தி முன்னாடியே தெரியும்னு வெளிய சொன்னா, தெரிஞ்சுமா கூட்டிட்டுப் போனீங்கன்னு அந்தம்மா வீட்டுக்காரர் கேஸ் போடுவார். அதனால கொடிக்காரர் அவசரப்பட்டுட்டார்னு முடிச்சிட்டோம். எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்கும்னா, எனக்குமா?"

மேனேஜர் பேனாவைத் திறந்து மூடினார். "அந்த வரியை மாத்தியாச்சு சார். நீங்க கேட்டதுதானே. ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்க." கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

ரேடியோவின் குரல் அறைக்குள் பேசியது. 'மதிப்பிற்குரிய விருந்தினர்களே, பாதுகாப்பு கருதி இந்தக் கயிற்றைத் தாண்ட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.'

ரேடியோ கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். இழுவை அவருடையது, மூச்சு அவருடையது, வார்த்தை கடைசியில் லேசாகக் கரகரப்பதும் அவருடையதே. "இதை நான் எப்போ சொன்னேன்?"

"நீங்க சொல்ல வேண்டியதே இல்ல சார். ஏற்கனவே பேசின குரலை வெச்சு மெஷினே சொல்லிடுது. இப்போ வந்த புது வசதி."

"விருந்தினர்களேன்னு நான் ஜென்மத்துல பேசினதில்ல."

"கேக்க மரியாதையா இருக்குல்ல?" மேனேஜர் மெஷினை நிறுத்தினார். "அப்புறம்... வழியும் இனிமே குரலே சொல்லிடும். கொடி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. தனி டூருக்கும் இதையே வெச்சுக்கலாம்னு..."

அவர் முடிப்பதற்குள் ரேடியோ எழுந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மெஷின் நின்றால் வீட்டில் அவர் பேச்சுதான் கேட்கும். இன்று அதுவும் இல்லை.

"என்னங்க? வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க. குரலை வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் குடுக்கலையா?" என்று வழக்கம் போலக் கிண்டலாக ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

அடுத்த சீசன் தொடங்கிய பிறகு ரேடியோ ஒரு நாள் கோட்டை நகரத்துக்குப் போனார். வேறு வேலையாக வந்ததாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, வாசலுக்கு எதிர்ப்பக்க பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் வந்து நின்றது. டிரைவர் இவரைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலக் கண்ணாடியைத் துடைத்தார். கொடி இல்லாத கூட்டம் இறங்கி வரிசையாக நின்று அண்ணாந்தது. ரேடியோ உதடு அசையாமல் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் முடித்த இடத்தில் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஒரு பெண் மட்டும் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். "அண்ணே, இங்க பாத்ரூம் எங்க இருக்கு? இதுல அதைச் சொல்ல மாட்டேங்குது."

"நேராப் போனா ஒரு கிணறு வரும். அதை ஒட்டி இடது பக்கம் போங்க. படி வழுக்கும், பார்த்து."

அவள் கண் விரிந்தது. "ஐயோ, அப்படியே இவர் மாதிரியே பேசறீங்களே! இங்க உக்காந்து மிமிக்ரி பண்றீங்களா?"

ரேடியோ சிரித்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. "அடுத்த ஊர்ல ஒரு சத்திரம் வரும்மா. உள்ள சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். அதைத் தாண்டாதீங்க."

"அதெல்லாம் அவரே சொல்லிடுவார்ணே" என்றபடி அவள் ஹெட்போனை மாட்டப் போனாள். பிறகு, பாவம், ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தவளாகத் திரும்பினாள்.

"நல்லாத்தான் பண்றீங்க. ஆனா இன்னும் கொஞ்சம் பழகணும். அவர் குரல்ல ஒரு சந்தோஷம் இருக்குண்ணே. அது உங்ககிட்ட வரலை."