குளியலறை அலமாரிக்கு அளவெடுத்த காலை

…இல்லை, இது ஒட்டுப்போட்டால் நிற்கிற கேஸ் இல்லை, விரலால் அழுத்தினாலே அடிப்பலகை ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போகிறது, வாஷ்பேசின் குழாய் எத்தனை நாளாகக் கசிந்ததோ யார் கண்டது, சத்தம் போட்டு ஒழுகியிருந்தால் என்றைக்கோ கவனித்திருப்போம், இது வாயைத் திறக்காமல் காரியத்தை முடித்திருக்கிறது… குளியலறைத் தரையில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, அலமாரிக்குள் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். தச்சர் அளவெடுக்க வருவதற்குள் காலி செய்தாக வேண்டும். கதவு உப்பிப்போய்ப் பாதியில் நின்றது, இழுத்தால் கீல் கையோடு வந்துவிடும் போலிருந்தது. இந்த அலமாரியை மாட்டியவர் அவள் கணவர், அன்றைக்கே இது ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது, சொன்னதற்கு, அலமாரி நேராகத்தான் இருக்கிறது, தரைதான் கோணல் என்று சாதித்தார் மனுஷன், சாதித்துவிட்டுத் தானே சிரித்தார்… போய் நாலு வருஷமாகிறது, சாய்வு மட்டும் அப்படியே இருக்கிறது. அழுகை வருமோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. இடுப்புதான் வலித்தது.

கூடத்தில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்த வீட்டில் இப்போது இரண்டே பேர், மாமியார், மருமகள், நடுவில் இருந்தவர் போனபிறகு யார் யாருக்கு என்ன உறவு என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை, கேட்காமலே ஓடுகிறது வண்டி. அம்மாவும் பொண்ணும் மாதிரி என்று மாடிவீட்டம்மா ஊரெல்லாம் சொல்கிறாள், அப்படியொன்றும் இல்லை, அம்மாவோடு போடுகிற சண்டையை இவரோடு போட முடியுமா… அதனால்தானோ என்னவோ, அலுவலகத்தில் சரக்குப் பிரிவுக்காரர் போன மாதம் படிக்கட்டில் நிறுத்தி, உங்க வீட்ல வந்து பேசட்டுமா என்று கேட்டபோது அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது, என் வீட்டில் பேசுவது என்றால் யாரிடம், செத்துப்போன என் புருஷனின் அம்மாவிடமா, அவரிடம் போய் உங்கள் மருமகளைக் கொடுங்கள் என்று கேட்பீர்களா? நான் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தாள். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பாள், அன்றைக்கென்று பார்த்து மாமியாருக்கு முட்டி வீங்கியிருக்கும், இல்லை முகம் வாடியிருக்கும், இல்லை முகம் மலர்ந்திருக்கும், மலர்ந்த முகத்தில் போய் எப்படி…

மணி அடித்தது. தச்சர் வந்து அலமாரியைத் தட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார், இதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு செய்வதுதான் வழி, இந்தத் தடவை தண்ணீர் பட்டாலும் ஊறாத பலகையில் செய்துவிடலாம் என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சுவரிலேயே ஒரு கட்டம் போட்டு, எத்தனை தட்டு வேண்டும் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது, எப்போது எழுந்து வந்தாரோ.

"ரெண்டு போதும். மேல் தட்டு நல்லா உயரமா இருக்கட்டும், ஷேவிங் சாமான் எல்லாம் நிக்கணும்."

"வீட்ல ஆம்பளைங்க இருக்காங்களாம்மா?"

"வருவாங்க."

அவ்வளவுதான் சொன்னார், கீரைக் காம்பு ஒன்று இன்னும் கையில் இருந்தது. தச்சர் தலையாட்டிக்கொண்டு கோடு போட்டார். அவளுக்குக் காது இரண்டும் சுட்டன… எப்படித் தெரிந்தது, எப்போது தெரிந்தது? பஸ் தாமதம் என்று பொய் சொன்ன அன்றைக்கா, ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டைச் சூடுபண்ணி வைத்தாரே, அன்றைக்கேவா? போனில் அவள் தணிந்த குரலில் சிரித்ததைக் கேட்டிருப்பாரா? திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம், அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருக்கலாம், இந்த மனுஷி போய்த் தச்சரிடம் அளவு சொல்கிறாரே… சுவரைப் பார்த்தாள். மேல் கட்டம் வரப்போகிறவருக்கு. கீழ்க் கட்டம் அவளுடைய எண்ணெய்க்கும் சீப்புக்கும். பக்கெட்டில் மூட்டுவலித் தைலமும், பல்செட் போட்டு வைக்கிற கிண்ணமும் கிடந்தன, அவை எந்தக் கட்டத்தில்? கொஞ்ச நாளாக மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு நாத்தனாரோடு போனில் பேசுகிறார், நாத்தனார் வீட்டில் கீழ் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றார், வாடகைக்கு விடப்போகிறார்கள் என்றல்லவா அவள் நினைத்தாள்.

"அத்தை, உங்க சாமானை எங்க வைக்கிறது?"

"எனக்கென்னம்மா, ஒரு பைக்குள்ள அடங்கிடும்" என்று சொல்லிவிட்டு மாமியார் அலமாரியின் சாய்ந்த பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார், மகன் மாட்டியது.

நடுவில் இன்னொரு தட்டு சேர்த்துவிடுங்கள், அத்தைக்குக் குனியாமல் கை எட்டுகிற மாதிரி, என்று அவள் தச்சரிடம் சொன்னாள், கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள். தச்சர் அவளைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், பிறகு எச்சிலைத் தொட்டுப் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். மாமியார் அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார். பெருமூச்சு ஒன்று வந்தது அவளுக்கு, நல்ல காரியம் செய்த திருப்தி என்றுதான் முதலில் நினைத்தாள்… ஆனால் அந்தத் தைலத்துக்கு இடமில்லை என்று கண்ட அந்த ஒரு நொடி, அப்போது நெஞ்சுக்குள் என்னவோ லேசானதே, இறுகக் கட்டின கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி, அது துக்கம் இல்லை, நிச்சயமாகத் துக்கம் இல்லை. அதைப் பார்த்துப் பயந்துதானே அத்தனை அவசரமாக வாயைத் திறந்தாள்? மாமியார் அப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா… எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.