இடது கதவு ஸ்பீக்கர்

காரில் பாட்டு கேட்கும் பழக்கமே இல்லாத நூலகர், ஒரு வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு கார் ஸ்டீரியோ கடையில் வந்து நின்றதற்குக் காரணம் பாட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் தன் மனைவியோடு ஒரே காரில் நாலு மணி நேரம் போயாக வேண்டும். அதுவும் பத்து மாதத்துக்குப் பிறகு.

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. "வர்ற வழியில சித்தி வீட்ல அம்மாவையும் கூட்டிட்டு வந்துடுங்கப்பா" என்று மகள் போனில் சொன்னபோது அவர் சரி என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் அந்த நாலு மணி நேரம் முழுசாகக் கண்முன் வந்து நின்றது.

மனைவி தங்கை வீட்டுக்குப் போனது சண்டை போட்டுக்கொண்டு அல்ல. சண்டை போடும் அளவுக்கு அவர்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. "ரெண்டு மாசம் இருந்துட்டு வரேன்" என்றாள். ரெண்டு மாதம் பத்து மாதமானது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவருக்குக் குரல் தாழ்ந்தே போயிருந்தது. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். "சொன்னத திருப்பிச் சொல்ற வேலை எனக்கு இல்ல" என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று.

காரில் நல்லதாக ஏதாவது பாடிக்கொண்டிருந்தால் நாலு மணி நேரம் எப்படியோ ஓடிவிடும். ஆனால் காரோடு வந்த ஸ்டீரியோ வருடக்கணக்காக இடது பக்கம் மட்டும்தான் பாடியது, அதுவும் கரகரவென்று.

"வலது பக்க ஸ்பீக்கர் போயிடுச்சு" என்றார் கடையில். "அதிகம் செலவு பண்ற உத்தேசம் இல்ல. கேக்குற மாதிரி இருந்தா போதும்."

கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பேசுகிறவர். காரைத் திறந்து வேலை செய்கிறவள் அவர் மனைவி. தோளில் ஒரு துணி, காதோரம் செருகிய டெஸ்டர், தெருமுனைக்குக் கேட்கும் குரல். அவள் காரைச் சுற்றி வந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள்.

"ஸ்டீரியோவ மாத்தாதீங்க சார். மாத்தணும்னா டேஷ்போர்ட வெட்டணும், செலவும் கையக் கடிக்கும். முன்பக்கம் ரெண்டு ஸ்பீக்கர் நல்லதா போட்டு, கதவு அதிராம உள்ள ஷீட் ஒட்டிட்டா போதும். பாதிக் கார்ல கோளாறு பாட்டுல இல்ல, கதவுலதான்."

"பின்னாடி ஒரு பெரிய பாஸ் பெட்டி வெச்சா…" என்று கல்லாவிலிருந்து கடைக்காரர் ஆரம்பித்தார்.

"சார் ஊர்வலமா போகப்போறாரு? சும்மா இருங்க. முதல்ல அந்த ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் டப்பாவ எடுங்கன்னு எப்பவோ சொன்னேன், காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. விழுந்து எந்திரிச்சுப் போயிடுச்சு."

"அது போகும். அங்கதான் உள்ள தங்குறதுக்கு இடமே இல்லையே."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்து நீட்டினார். நூலகர் சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இருவரையும் பார்த்தார். பத்து நிமிடத்துக்குள் இவர்கள் பேசியது, தன் வீட்டில் ஒரு வருடத்துப் பேச்சாக இருக்கும் என்று தோன்றியது.

அவள் ஒரு தட்டையான பிளாஸ்டிக் பட்டையை இடது கதவின் விளிம்பில் நுழைத்து நெம்பினாள். கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று விட்டன. கதவின் உள்பலகை கையோடு வந்தது. ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் காகிதக் கூம்பு ஓரமெல்லாம் கிழிந்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. அதே மாதிரி வலது கதவையும் திறந்து அந்த ஸ்பீக்கரை வெளியே எடுத்தாள். எடுத்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூசியைத் தவிர ஒன்றுமில்லை. கூம்பு புத்தம் புதிதாக இருந்தது.

"இது போச்சுன்னா சொன்னீங்க?"

பையிலிருந்து கடிகார பேட்டரி ஒன்றை எடுத்து, இரண்டு கம்பிகளால் ஸ்பீக்கரின் பின்னால் தொட்டாள். டப் என்று ஒரு சத்தம். மறுபடி தொட்டாள். டப்.

"உசுரோடதான் சார் இருக்கு" என்றாள். பிறகு கம்பிகளைச் சோதித்தாள். அதிலும் குறையில்லை. கடைசியில் உள்ளே ஏறி ஸ்டீரியோவின் குமிழை அழுத்தி அழுத்தி ஏதோ தேடியவள், நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"முதல்லயே இதப் பாத்திருக்கணும். நீங்க போச்சுன்னு அடிச்சுச் சொன்னீங்களா, நம்பிட்டேன். இங்க பாருங்க, பேலன்ஸ் முழுசா இடது பக்கம் தள்ளி வெச்சிருக்கு. இதுக்கு மேல தள்ள இடமே இல்ல. வலது பக்கத்துக்குப் பாட்டே போகல. எல்லாத்தையும் அந்த ஒரு ஸ்பீக்கர்தான் சுமந்திருக்கு, பாவம். அதான் கிழிஞ்சிடுச்சு."

"தானா மாறியிருக்குமோ?"

"தானா மாறாது சார். நாலு தடவ அழுத்தி, ஒம்பது தடவ திருகணும். வேணும்னு வெச்சதுதான்." அவள் இறங்கி வந்து கையைத் துடைத்தாள். "எங்க மாமனாரும் இப்படித்தான் வெச்சிருந்தாரு. அவருக்கு ஒரு காது மந்தம். உங்களுக்குக் காது எப்படி?"

"எனக்கு ரெண்டும் நல்லா கேக்கும்."

"அப்ப பக்கத்துல உக்கார்றவங்களுக்கு" என்றாள் சாதாரணமாக. "கதவுப் பக்கக் காதுல மட்டும் கேக்கும்போல. உங்க பக்கத்துக் காதுல கேக்காது." சொல்லிவிட்டு ஷீட்டை அளந்து வெட்டப் போய்விட்டாள்.

நூலகர் காரின் இடது முன் இருக்கையைப் பார்த்தார்.

பக்கத்தில் உட்கார்ந்தவள் மனைவி ஒருத்திதான். பாட்டு அவள் இலாகா. அவர் அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. அவள் வேலை பார்த்தது பாட்டிலில் தண்ணீர் அடைக்கும் ஆலையில். இருபது வருடம் அவளுக்கு வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஒரு முறை அவர் போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு நிமிடம் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டார்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சேர்ந்து நடக்கும்போது அவள் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வந்துவிடுவாள். வெயிலுக்காக என்று நினைத்தார். சாப்பாட்டு மேசையில் திடீரென்று ஒருநாள் நாற்காலி மாறி உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தார். "முணுமுணுக்காதீங்க" என்று சலித்துக்கொள்வாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தார். முப்பது வருடமாகப் புத்தகங்களை அவற்றுக்குரிய இடத்தில் அடுக்கிய மனிதர், கண்ணெதிரே கிடந்த இதையெல்லாம் தவறான அடுக்கிலேயே வைத்திருந்தார்.

பிறகு அந்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. வரக்கூடாதென்று அவர் உள்ளூரத் தடுத்துக்கொண்டிருந்த நாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இப்பவே கிளம்பலாம்" என்றாள். நூலகத்தில் வருடாந்திரக் கணக்கெடுப்பு. "நாளைக்குக் காலையில போயிடலாம்" என்றார் அவர். விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. எல்லாம் முடிந்து திரும்பும்போது, சாலையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "அன்னைக்கே கிளம்பியிருக்கணும். தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடு."

அதைச் சொல்ல அவருக்கு எழுபது கிலோமீட்டர் தேவைப்பட்டது. அவள் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். மன்னிக்க மாட்டாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மற்றப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

"சார், முடிஞ்சுது. வந்து கேளுங்க" என்று கடைக்காரரின் மனைவி கூப்பிட்டாள். புது ஸ்பீக்கர்கள் இரண்டும் பாடின. கதவு அதிரவில்லை. பாட்டு கார் முழுக்கப் பரவி, நட்டநடுவில் நின்றது. அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"பேலன்ஸ நடுவுல வெச்சிருக்கேன். வேணும்னா பழையபடி தள்ளிக்குங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனி வீட்டு வாசலில் மனைவி பையோடு தயாராக நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"மாமா, எங்க டிரைவரக் கூட்டிட்டுப் போறீங்க. பத்திரமா திருப்பி அனுப்பிடுங்க" என்றாள் மைத்துனி.

"டிரைவரா?"

"பத்து மாசமா எங்க கார அக்காதான ஓட்டுறா. கடை கண்ணி, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அவதான்."

புதிதாக ஓட்டப் பழகிய நாளில் அவள் ஒரு தடவை வாசல் கேட்டில் பக்கக் கண்ணாடியை உரசினாள். "இனிமே நானே ஓட்டிக்கிறேன்" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். அதையும் ஒரே ஒரு தடவைதான். அந்தச் சொல் மட்டும் எப்படியோ அவளுக்குக் கேட்டிருக்கிறது.

கார் கிளம்பியது. பாட்டு ஆரம்பித்ததும் அவள் கை தானாகக் குமிழுக்குப் போனது. பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது. அவர் பார்க்காத மாதிரி பார்த்தார். தெருமுனை தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார். இறங்கிச் சுற்றிப் போய், அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு."

"எதுக்கு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ ஓட்டேன்."

ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். நன்றாகவே ஓட்டினாள். இப்போது அவர் இருந்தது அவளுடைய இடப்பக்கம். நெடுஞ்சாலைக்கு வரும்வரை அவர் காத்திருந்தார்.

"வலது காது எப்பலேர்ந்து கேக்கல?"

அவள் பார்வை சாலையிலேயே இருந்தது. "யார் சொன்னது? தங்கச்சியா?"

"ஸ்டீரியோ கடையில."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல டாக்டராத்தான் பாத்திருக்கீங்க." சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னாள்: "ஏழு வருஷமாச்சு. உங்ககிட்ட சொன்னேனே."

"எப்ப?"

"நீங்க ஏதோ தடியா ஒரு புத்தகம் படிச்சிட்டிருந்தீங்க. இந்தக் காது சரியா கேக்கலைங்கன்னு சொன்னேன். ம்னு சொல்லிட்டுப் பக்கத்தத் திருப்பினீங்க."

"இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான ஒரு தடவ சொன்னா போதும்பீங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு லாரியை முந்திப் போனாள். அவர் முழங்காலில் இருந்த தன் கைகளைப் பார்த்தார். பிறகு, நூலகக் குரலில் இல்லாமல், கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"அத்தைக்கு முடியாம இருந்தப்ப அன்னைக்கே கிளம்பியிருக்கணும். தப்பு என்னோடதுதான். திரும்பி வரும்போது கார்ல உங்கிட்ட சொன்னேன். மன்னிச்சுடுன்னு கேட்டேன். நீ பேசல."

கார் சற்று வேகம் குறைந்து, மறுபடி சீரானது.

"சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"நான் அன்னைக்கு முழுக்க, இந்த மனுஷன் ஒரு வார்த்த சொல்றாரா பாப்போம்னு காத்துக்கிட்டே வந்தேன்." புறங்கையால் கன்னத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். "நாலு வருஷம் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம்தான் போனேன்."

பாட்டு மாறியது. இரண்டு பக்கமும் ஒரே அளவில், அப்பழுக்கில்லாமல் பாடியது. அதில் பாதிதான் அவளுக்குக் கேட்டிருக்கும். கையை நீட்டி ஒலியைக் குறைத்தார்.

மகள் வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தபோது கேட்டார்: "திரும்பும்போது நம்ம வீட்டுக்கு வந்துடுறியா?"

அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். சாலை நேராகக் கிடந்தது. ஒரு பாலம் போனது. ஒரு பெட்ரோல் பங்க் போனது. சுங்கச்சாவடியில் நிறுத்தி, சீட்டு வாங்கி, கண்ணாடியை ஏற்றினாள். அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். வாழ்க்கையில் எதையாவது இரண்டாம் தடவை கேட்டதாக நினைவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவள் இடது காதுப் பக்கமாகச் சாய்ந்தார்.

"நம்ம வீட்டுக்கு வந்துடுறியான்னு கேட்டேன்."

"முதல் தடவையே கேட்டுச்சுங்க" என்றாள் அவள், மெதுவாக, அவர் பேசுகிற மாதிரியே. கியரை மாற்றினாள்.