முன்னங்காலுக்கு ஒரு வாக்கெடுப்பு

அந்த நாய் என்னுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஆளாளுக்குக் கதை கட்ட வேண்டாம். முத்தியால்பேட்டையில் ஒரு தெருமுனையில் பலகை போட்டு மீன் விற்கிறவள் நான். காலையில் கூடையை இறக்கினதும் எதிரில் வந்து நிற்கும். "போ! அந்தாண்ட போ!" என்று கத்தி ஒரு மீன் தலையைத் தூரமாக எறிவேன். அதைத் தின்கிற நேரமாவது பலகை தப்பிக்குமே என்றுதான். பாசமெல்லாம் ஒன்றும் கிடையாது.

போன மாதம் தண்ணீர் லாரி ஒன்று அதன் முன்னங்காலில் ஏறிவிட்டது. தெருக்காரர்கள் மூன்று நாள் வாட்ஸ்அப்பில் வைத்தியம் பார்த்தார்கள். சதை கறுத்து நாற்றமெடுத்த பிறகுதான் ஆட்டோ வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். நாய்க்கு அடியில் விரித்திருந்தது என் சாக்கு, திரும்ப வாங்க வேண்டாமா? தெருக்காரர்கள் சிலரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

நாய் டாக்டர் நிர்மலாதேவி காலைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இந்தக் கால் இனிமே தேறாது. இன்னைக்கே எடுத்தா பொழைக்கும். நாளைக்குன்னா விஷம் ரத்தத்துல கலந்துடும். முழங்கைக்கு மேல கொஞ்சம் விட்டு எடுக்கலாம், ஆனா அந்தத் துண்டு தரையில இடிச்சு இடிச்சு புண்ணாகும். தோளோட எடுத்துட்டா மூணு கால்ல நல்லா ஓடும். நான் அதைத்தான் சொல்லுவேன்."

"சங்கத்துல கேக்காம எப்படிங்க முடிவெடுக்கிறது?" என்றார் பிரேம்குமார். எங்கள் தெரு நலச்சங்கத் தலைவர். நின்ற இடத்திலேயே போனில் வாக்கெடுப்பு வைத்தார். தோளோடு எடுப்பதா, பாதியில் எடுப்பதா, எண்ணெய்க் கட்டுப் போடுவதா? தெருவை விட்டு ரெட்டியார்பாளையத்துக்குக் குடிபோய் நாலு வருஷமானவர்கள் கூட ஓட்டுப் போட்டார்கள். ஒரு மகராசன் மூன்றுக்கும் போட்டிருந்தான். மாடி வீட்டு ஆதிலட்சுமியின் மகள் பாரிசிலிருந்து செயற்கைக் கால் வீடியோ அனுப்பினாள். அந்த ஊர் நாய் அதை மாட்டிக்கொண்டு பனியில் குதிக்கிறது. எங்கள் ஊரில் பனிக்கு எங்கே போவது?

பாதிக்கால் ஜெயித்தது.

"முழுசா எடுக்கணும்னவங்களுக்கும் திருப்தி, எடுக்கவே கூடாதுன்னவங்களுக்கும் திருப்தி. ரெண்டு தரப்புக்கும் நியாயமா இருக்கணும் இல்லியா?" என்றார் பிரேம்குமார்.

"நாய்க்கு?" என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "உரிமையாளர் கையெழுத்து போடணும். போடுறவங்க முடிவுதான் முடிவு. ஆபரேஷன் ஆனதும் பதினஞ்சு நாள் அவங்க வீட்டுலதான் இருக்கணும்."

அட, ஒரே நிமிஷத்தில் எல்லாரும் அந்த மேசையை விட்டு எப்படிப் பின்வாங்கினார்கள்! "சங்கம் ஆலோசனை சொல்லும், பொறுப்பு எடுத்துக்காது. விதியிலேயே இருக்குது" என்றார் பிரேம்குமார். ஆதிலட்சுமிக்கு வீடு முழுக்க டைல்ஸாம், வழுக்குமாம், பாவமாம். தையல்கடை அப்துல் கஃபார் பாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "என் கடையில மிஷினுக்கே இடமில்ல வீராயி" என்றார். அவர் சொன்னது நிஜம்.

"சரி, பேராவது சொல்லுங்க. மயக்கம் தெளியும்போது பேர் சொல்லிக் கூப்பிடணும். எதுக்குத் திரும்பும்?" என்றார் டாக்டரம்மா.

"டைசன்!" என்றார் பிரேம்குமார். "பிஜூ!" என்றாள் ஆதிலட்சுமி. பிரெஞ்சில் நகை என்று அர்த்தமாம். "ராஜா!" என்றார் பாய். மாறி மாறிக் கூப்பிட்டார்கள். நாய் காதைக்கூட அசைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

செத்துவிட்டதோ? கிட்டே போய்ச் சாக்கைச் சரிசெய்தேன். புண் இருந்த கால் என் கையில் பட்டது. பதறிப்போய், "ச்சீ, போ!" என்றேன்.

நாய் தலையைத் தூக்கியது. வால் மேசையில் டப் டப்பென்று அடித்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"போ."

டப் டப் டப்.

இத்தனை வருஷமாக அதைத் துரத்துகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவோ, பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பேரு போ-ன்னு எழுதிக்குங்க டாக்டரம்மா. தோளோட எடுத்துடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினைந்து நாள் என் வீட்டில் கிடந்தது. ஒருநாள்கூட என் வீட்டுக்காரர் காசிலிங்கம் முணுமுணுக்காமல் சாப்பிடவில்லை, ஒருநாள்கூட அதற்கு வைக்காமலும் சாப்பிடவில்லை.

நேற்று முதல்முறையாகத் தெருமுனைக்குக் கூட்டிவந்தேன். சங்கமே திரண்டு வந்துவிட்டது. 'நம் தெருவின் கருணை' என்று பேனர், அதில் பிரேம்குமார் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். 'போ' என்கிற பேர் நன்றாயில்லை, புதுப் பேருக்கு வாக்கெடுப்பு வைத்திருக்கிறோம், 'முக்காலி' முன்னணியில் இருக்கிறது என்றார். படம் எடுக்க ஆளாளுக்கு என் பலகையை மிதித்தார்கள்.

"வியாபாரத்தைக் கெடுக்காதீங்க. போங்க!" என்று கத்தினேன்.

ஒருத்தரும் நகரவில்லை. சுவரோரம் படுத்திருந்த நாய் மட்டும் எழுந்து, மூன்று காலில் தத்தித் தத்தி என்னிடம் வந்தது.